எட்டுக்கால் பூச்சிக்கும் அம்மை வந்த கோடை

எனக்கு அம்மை வார்த்த அந்தக் கோடையில் எங்கள் வீட்டுக்குள் மூன்று உயிர்கள் இருந்தன. நான், என் மாமியார், ஊறுகாய் பாட்டிலுக்குள் ஓர் எட்டுக்கால் பூச்சி. என் கணவர் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தார்.

எழுபதுகள் முடியப்போகிற சமயம். எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நான் சூரமங்கலத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். கட்டிக்கொடுத்தது எருமப்பட்டிப் பக்கம் தோட்டம் துரவோடு இருந்த ஒரு குடும்பத்தில். ஆனால் என் கணவருக்கு விவசாயத்தில் மனசு ஒட்டவில்லை. கை மரத்தின் பக்கம்தான் போகும். நாமக்கல் போகிற ரோட்டில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றில் சேர்ந்து, புதுச்சத்திரத்தில் ரோட்டோரமாக ஓர் ஓட்டு வீட்டையும் பிடித்து, என்னைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அது அவராக எடுத்த முடிவு. மாமியாரோ பழியை என் தலையில் போட்டார். “டவுன்காரி வந்தா, என்ற மவனக் கூட்டிட்டுப் போயிட்டா” என்று உறவுக்காரர்களிடம் சொன்னது என் காதுக்கும் வந்தது. எங்கள் வீட்டுப் படியை அவர் மிதிக்கவே இல்லை.

வீடு இரண்டு அறை. முன்னறைக் கூரையில் வெளிச்சத்துக்காக ஒரே ஒரு கண்ணாடி ஓடு பதித்திருந்தார்கள். காலையில் அதன் வழியாக விழும் வெயில்துண்டு மேற்குச் சுவரில் ஏறியிருக்கும். பிறகு மெல்ல இறங்கித் தரையில் நகர்ந்து, மாலையில் கிழக்குச் சுவரில் ஏறிக் கரைந்துபோகும். ரோட்டில் லாரி போகும்போதெல்லாம் அந்தத் துண்டு வெயில் லேசாக நடுங்கும். பகலெல்லாம் தனியாக இருந்த எனக்கு அதைப் பார்ப்பது ஒரு வேலையாகவே ஆகிவிட்டது.

மாசி மாதத்தில் ஒரு சாயங்காலம் கணவர் தூக்குப்போசியை என்னிடம் நீட்டினார். தூக்குப்போசி என்றால் மதியச் சோறு கொண்டுபோகிற பாத்திரம்.

“மெதுவாத் தெற. உள்ள ஒரு ஆளு இருக்குது.”

திறந்தேன். பாத்திரத்தின் மூலையில் நாலணா அகலத்துக்குச் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. உற்றுப் பார்த்தால் எட்டுக் கால்கள். காலெல்லாம் பூனை முடிபோல ரோமம். முதுகில் காய்ந்த இலையின் நரம்பு மாதிரி ஒரு கோலம். மூடியைப் போட்டு மூடிவிட்டு நான் சமையலறைக்கு ஓடினேன்.

“கொல்லிமலையிலிருந்து பலாக்கட்டை வந்துச்சு. அறுத்தா உள்ள பொந்து. கையகலத்துக்கு ஒரு பெரிய பூச்சி அதிலிருந்து குதிச்சு ஓடிப்போச்சு. குஞ்சுகளெல்லாம் மரத்தூள்ல சிதறிப்போச்சு. இது ஒண்ணு மட்டும் என்ற சட்டைக் கையைப் புடிச்சுக்கிச்சு” என்றார். “உதறியுட மனசு வரல.”

“அதுக்குன்னு ஊட்டுக்குக் கொண்டு வருவீங்களா?”

“நாளைக்குக் கொண்டுபோய் மரத்துல உட்டர்றேன்” என்றார். அந்த நாளை வரவே இல்லை.

இப்படித்தான் அது ஊறுகாய் பாட்டிலுக்குள் குடியேறியது. வாயகன்ற பாட்டில். மூடியில் ஆணியால் துளைகள் போட்டார். அடியில் கொஞ்சம் மரத்தூள், நிற்கவைத்தபடி ஒரு பலாப்பட்டைத் துண்டு. பாட்டிலைச் சுவர் அலமாரியில், வெயில் நேராகப் படாத இடத்தில் வைத்தார். பட்டறையிலிருந்து வரும்போது தீப்பெட்டியில் கரையானோ குட்டிப் பாச்சையோ பிடித்து வருவார். நான் விரல் நுனியால் பட்டையின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் வைப்பேன். முதலில் எனக்குப் பயம். பிறகு அந்த அறையில் அசைகிறவை வெயில்துண்டும் அதுவும்தான் என்று ஆனபோது பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. தண்ணீர்ச் சொட்டின்மேல் குனிந்து நிற்கும். குடிக்கிறதா, முகம் பார்க்கிறதா என்று சொல்ல முடியாது. டாரன்டுலா என்று ஒரு பெயர் இருப்பது பல வருஷம் கழித்து மகளின் பாடப் புத்தகத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. அப்போது எங்களுக்கு அது எட்டுக்கால் பூச்சி, அவ்வளவுதான்.

பங்குனியில் எனக்குக் காய்ச்சல் வந்தது. மறுநாள் வயிற்றிலும் முதுகிலும் கொப்புளங்கள். பக்கத்து வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “அம்மா வந்திருக்குதுங்க” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பிப் போனார். என் அம்மா அப்போது ஒரு ஆபரேஷன் முடிந்து சூரமங்கலத்தில் படுக்கையில் கிடந்தார். வரக்கூடியவர் யாருமில்லை. கணவர் பஸ் ஏறி எருமப்பட்டிக்குப் போனார். மாமியார் வரமாட்டார் என்று நினைத்துக்கொண்டு நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன்.

மதிய வெயிலில் வாசலில் மாமியாரின் நிழல் விழுந்தது. அக்குளில் ஒரு கட்டு வேப்பிலை, கையில் துணிப்பை. உள்ளே வந்ததும் என் முகத்தைப் பார்க்கவில்லை. நேராக வாசல் நிலையில் வேப்பங்கொத்தைச் செருகினார். பாயில் வேப்பிலையைப் பரப்பி அதன்மேல் வெள்ளைத் துணி விரித்தார். மகனிடம் மட்டும் பேசினார்.

“நீ பட்டறையிலயே படுத்துக்க. தண்ணி ஊத்துற வரைக்கும் உள்ள வரப்படாது. எளநி கொண்டாந்து படியில வெச்சுட்டுப் போ.”

அம்மை இறங்கினால் வேப்பிலைத் தண்ணீரில் தலைக்கு ஊற்றுவார்கள். அதுவரை அந்த வீட்டுக்கு வெளியாள் வரக்கூடாது. தாளிக்கக்கூடாது, கறி மீன் கூடாது. கணவர் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார். அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது.

“ஏனுங்கம்மா, அலமாரியில ஒரு பாட்டில் இருக்குது. அத ஒண்ணும் பண்ணிப்போடாதீங்க.”

மாமியார் திரும்பி அலமாரியைப் பார்த்தார். கிட்டே போனார். ஒரு அடி பின்னால் வந்தார்.

“அய்யோ சாமி! இத எதுக்குடா ஊட்டுக்குள்ள வெச்சிருக்கற?”

“வளக்கறமுங்க.”

“ஊரு ஒலகத்துல ஆடு வளப்பாங்க, மாடு வளப்பாங்க.” வெளக்குமாற்றை எடுப்பார் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. வேப்பங்கொத்தைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார். “அம்மா வந்திருக்கற ஊட்டுல உசிரக் கொல்லப்படாது” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, முந்தானையை உதறி இடுப்பில் செருகினார். அது பிழைத்தது.

அதற்குப் பிறகான பகல்கள் எனக்கு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுதான் நினைவிருக்கின்றன. உடம்பெல்லாம் தணலாக இருக்கும். வேப்பிலையின் கசந்த வாசம் மூச்சோடு உள்ளே போய், கனவிலும் பச்சையாக இருக்கும். லாரி போகும் அதிர்வு பாய் வழியாக முதுகுக்கு வரும். யாரோ என்னைத் தொட்டிலில் போட்டு ஆட்டுவதுபோல இருக்கும். கண்ணாடி ஓட்டு வெயில் தரையில் குளம்போலத் தேங்கி நிற்கும், அதில் நான் கால் நனைத்துக்கொண்டிருப்பேன். கண் விழித்தால் மாமியார் வேப்பங்கொத்தால் என் முதுகைத் தடவிக்கொண்டிருப்பார். திரும்பவும் கண்ணை மூடினால் சூரமங்கலத்தில் ரயில் நிற்கிற சத்தம் கேட்கும். ரயிலிலிருந்து முடி முளைத்த மெல்லிய கால்கள் ஒவ்வொன்றாக இறங்கிப் பிளாட்பாரத்தில் நடக்கும். எனக்குப் பயமாக இருக்காது. அவை எங்கோ அவசரமில்லாமல் போய்க்கொண்டிருக்கும்.

கணவர் காலையில் படியில் இளநீர் வைப்பார். அதன்மேல் ஒரு தீப்பெட்டி இருக்கும். எனக்கு இளநீர், அதற்குக் கரையான். முதல் நாள் தீப்பெட்டியை மாமியார் திறந்து பார்த்துவிட்டு, “இவனுக்குப் பித்துப் புடிச்சிருக்குது” என்றார். நான் எழுந்து உட்கார முடியாமல், “அத மூடியத் தெறந்து உள்ள போடணுங்க அத்தை” என்றேன். அவர் போட்டார். கையை அவ்வளவு நீளமாக நீட்டி, முகத்தை அவ்வளவு தூரம் திருப்பிக்கொண்டு யாரும் எதற்கும் சோறு போட்டு நான் பார்த்ததில்லை.

ஒரு நாள் கரையானைப் போட்டுவிட்டு அங்கேயே நின்றார். இன்னொரு நாள் முக்காலியை அலமாரிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். அரைத்தூக்கத்தில், “சாமி, ஏஞ்சாமி சாப்புடல?” என்று கேட்டது. என்னைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னைச் சாமி என்று கூப்பிட்டதில்லை. “வேண்டாங்க அத்தை, வாய் கசக்குது” என்றேன்.

“உன்னைக் கேக்கல. இதைக் கேட்டேன்” என்றார்.

சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. சிரித்தால் கொப்புளங்கள் வலித்தன.

ஆனால் அவர் கவலைப்பட்டது உண்மை. பூச்சி சாப்பிடவில்லை. கரையான்கள் அதன் கால்மேலேயே ஏறி நடந்தன, அது அசையவில்லை. வயிறு மட்டும் கறுத்துப் பளபளவென்று உருண்டிருந்தது. தண்ணீர்ச் சொட்டையும் தேடவில்லை. பட்டைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வெள்ளையாக நூல் இழுத்து இழுத்து, மெல்லிய துணிபோல ஒரு படுக்கை கட்டியது.

மாமியார் அதை வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார். “இதுக்கும் அம்மா வந்திருக்குது.”

“பூச்சிக்கு எப்படிங்க வரும்?”

“ஏன் வராது? ஒடம்புன்னு ஒண்ணு இருந்தா வரத்தான் செய்யும். சோறு எறங்கல, சொணங்கிப் படுத்திருக்குது, பாய் போட்டுக்கிச்சு. வேற என்ன?”

அவர் செய்ததையெல்லாம் இப்போது நினைத்தாலும் ஆச்சரியமாக இருக்கிறது. மிச்சக் கரையான்களை வெளக்குமாற்றுக் குச்சியால் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப்போட்டார். சீக்காளியை எறும்பு கரையான் கடிக்கக்கூடாதாம். எனக்கு நெற்றியில் போடும் ஈரத்துணியில் ஒரு முழம் கிழித்துப் பாட்டிலைச் சுற்றினார். பங்குனி வெயிலில் அது காயக்காய நனைத்துச் சுற்றினார். மூடியின்மேல் ஒரு வேப்பிலை வைத்தார். பாட்டிலுக்குள் கண்ணாடியில் பனிபோல ஈரம் படர்ந்தது. அந்த ஈரம் அதற்கு எவ்வளவு தேவைப்பட்டது என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அறையில் இரண்டு படுக்கைகள், இரண்டுக்கும் நடுவே முக்காலியில் அவர்.

எனக்குக் காய்ச்சல் விட்டு, கொப்புளங்கள் காய்ந்து உதிரத் தொடங்கிய ஒரு பிற்பகல். வெயில்துண்டு தரை நடுவில் இருந்தது. மாமியார் ஈரத்துணியை மாற்றப் போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

“போச்சு” என்றார். “செத்துப்போச்சு கண்ணு.”

நான் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனேன். அது வெள்ளைப் படுக்கையில் மல்லாந்து கிடந்தது. எட்டுக் கால்களும் மேலே. மாமியார் முந்தானையால் மூக்கைத் துடைத்தார். ஒரு பூச்சிக்காக அவர் அழுவார் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

“வேப்ப மரத்தடியில பொதைச்சறலாம்” என்று மூடியில் கைவைத்தார்.

அப்போது ஒரு கால் அசைந்தது. அசைந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. தூங்குகிற குழந்தையின் விரல் துடிக்குமே, அந்த அளவுதான்.

“அத்தை, இருங்க.”

நான் மூடியின்மேல் இருந்த அவர் கையைப் பிடித்தேன். காய்ந்த கொப்புளங்களோடு என் கை, அவர் கைமேல். அவர் இழுத்துக்கொள்ளவில்லை.

நின்றுகொண்டே பார்த்தோம். பிறகு அவர் முக்காலியில் உட்கார்ந்தார். நான் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அலமாரிப் பலகையில் தாடையை வைத்துக்கொண்டேன். நெஞ்சுப் பக்கத்தில் ஓரமாக ஒரு விரிசல் கண்டது. அது மெல்லப் பெரிதாகி, டப்பா மூடி திறப்பதுபோலத் திறந்தது. உள்ளே வெளுப்பாக ஏதோ பிதுங்கியது. வயிற்றுத் தோல் பக்கவாட்டில் பிளந்து சுருங்கிப் பின்னால் போயிற்று. பிறகு வெகுநேரம் ஒன்றுமே நடக்கவில்லை. ஒரு லாரி போனது. வெயில் நடுங்கியது. அது மூச்சை இழுத்துப் பிடித்ததுபோல ஒருமுறை விம்மியது, எட்டுக் கால்களும் ஒன்றாகக் கொஞ்சம் வெளியே வந்தன. இன்னொருமுறை விம்மியது, இன்னும் கொஞ்சம். வளையல் போட்ட கையை இறுக்கமான ஜாக்கெட்டிலிருந்து வலிக்காமல் உருவுகிற மாதிரி, அத்தனை காலையும் அது தன்னிலிருந்தே உருவிக்கொண்டிருந்தது.

“சட்டை உரிக்குது” என்றேன் மெல்ல. “பாம்பு மாதிரி.”

பிரசவ அறை வாசலில் நிற்பவர்போல மாமியாரின் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. அது ஒவ்வொரு முறை விம்மும்போதும் அவரும் தோளைத் தூக்கினார்.

கடைசியாக ஒரு கால் சிக்கிக்கொண்டது. ஏழு கால்கள் வெளியே, ஒன்று பழைய தோலுக்குள். இழுத்தது, ஓய்ந்தது, இழுத்தது. மாமியாருக்குப் பொறுக்கவில்லை. வெளக்குமாற்றுக் குச்சியை எடுத்துவிட்டார்.

“லேசா எடுத்துவுட்டர்றேன்.”

“வேண்டாங்க அத்தை. பிஞ்சு போயிரும்.”

குச்சியைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். பிறகு கால் வந்துவிட்டது. அவர் விட்ட பெருமூச்சில் கண்ணாடியில் ஆவி படிந்தது.

அது பழைய தோலுக்குப் பக்கத்தில் மல்லாந்தே கிடந்தது. வெளுத்து, நனைந்து, பால் நிறத்தில், உள்ளே வெளிச்சம் இருப்பதுபோல இருந்தது. பற்கள்கூட வெள்ளை. வெயில்துண்டு சுவர் ஏறும்வரை அப்படியே கிடந்து, பிறகு கால்களைச் சோம்பல் முறிப்பதுபோல நீட்டி நீட்டி மடக்கி, மெதுவாகப் புரண்டு நிமிர்ந்தது. முன்னைவிடப் பெரிதாக இருந்தது. அவ்வளவு பெரியது அந்தத் தோலுக்குள் எப்படி இருந்தது என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

மாமியார் எழுந்திருக்கவில்லை. பாட்டிலைப் பார்த்துக்கொண்டே பேசத் தொடங்கினார். அவர் முகத்தில் பெரியம்மைத் தழும்புகள் உண்டு. பார்த்துப் பழகிவிட்டதால் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

“எனக்கு வந்தப்போ கண்ணாலமாயி நாலஞ்சு மாசம். தோட்டத்துச் சாளைக் குடிசையில கொண்டுபோய்ப் போட்டுட்டாங்க. ஒத்தையில. கஞ்சியத் தூரமா வெச்சுட்டுச் சத்தம் குடுத்துட்டுப் போயிருவாங்க. பயம், என்ன பண்ணுவாங்க. சாளைச் செவுத்துல எறும்பு ஊர்ந்துட்டே இருக்கும். மேல போகும், கீழ வரும். அதப் பாத்துட்டே கெடந்தேன். அதுக பக்கத்துல இருந்துச்சுக, அதனால பொழச்சேன்.”

பிறகு, “உனக்கு வந்திருக்குதுன்னு அவன் வந்து சொன்னான். நான் சோத்துல கை வெச்சிருந்தேன். அப்படியே எந்திரிச்சுட்டேன்” என்றார்.

அவர் முழங்காலில் தலையைச் சாய்த்தேன். என் முதுகில் உதிர்ந்துகொண்டிருந்த பொருக்குகளை வேப்பங்கொத்தால் தட்டிவிட்டார். அந்தி வெளிச்சம் போகும்வரை அப்படியே இருந்தோம்.

மறுநாள் மாமியார் எனக்குத் தண்ணீர் ஊற்றினார். வேப்பிலையும் மஞ்சளும் போட்டு முற்றத்து வெயிலில் சூடேறிய தண்ணீர். கணவரை உள்ளே விட்டார். என்னைப் பார்த்து, “எப்படி இருக்கற?” என்று கேட்டார். அதற்குள் அவர் கண் தானாக அலமாரிக்குப் போயிற்று. பாட்டிலைத் தூக்கிப் பார்த்தவர் கத்தினார்.

“அம்மா! ரெண்டு இருக்குதுங்க!”

நானும் மாமியாரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பழைய தோல் அசல் பூச்சிபோலவே முடியும் நகமுமாக உட்கார்ந்திருந்தது. அதை இடுக்கியால் எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். மூச்சுக்காற்றில் அது நடப்பதுபோல நகர்ந்தது. திறந்த மூடியை, உள்ளிருந்த வெறுமையை, காலுறைபோலிருந்த கால்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எல்லாவற்றையும் தான் மட்டும் பார்க்காமல் விட்டுவிட்டதில் அவருக்கு மனசே ஆறவில்லை. “எப்படி வந்துச்சு? எந்தக் காலு மொதல்ல வந்துச்சு?” என்று சாப்பிடும்போதும் கேட்டார். மாமியார் கையை மடக்கி நீட்டி, தோளைத் தூக்கி, செய்தே காட்டினார்.

பல் கறுக்கும்வரை அதற்கு எதுவும் போடவேண்டாம் என்று நாங்களாகவே முடிவு செய்தோம். வெள்ளைப் பல்லால் எதைக் கடிக்கும்? பல் சிவந்து, பிறகு கறுத்தது. தீப்பெட்டியிலிருந்து ஒரு குட்டிப் பாச்சையை விட்டபோது கண் மூடித் திறப்பதற்குள் பிடித்துவிட்டது. அதைப் பார்த்துவிட்டுத்தான் மாமியார் எருமப்பட்டிக்குக் கிளம்பினார். பஸ்ஸில் ஏறும்போது என்னிடம், “ஊட்டுக்குப் போயிட்டு வாரேன். துணிய மட்டும் நனைச்சுச் சுத்து” என்றார்.

அதன் பிறகு அவர் வராத மாதமில்லை. கத்திரிக்காய் கொண்டுவந்தேன், நல்லெண்ணெய் கொண்டுவந்தேன் என்று ஏதாவது காரணம் இருக்கும். செருப்பைக் கழற்றியதும் பார்வை அலமாரிக்குப் போகும். அது சாப்பிடாமல் வயிறு கறுத்துவிட்டால் நான் தகவல் அனுப்புவேன், அவர் வந்துவிடுவார். அடுத்த உரிப்புகளில் ஒன்றை என் கணவரும் பார்த்தார். பட்டறைக்கு லீவு போட்டுவிட்டு எங்கள் நடுவில் உட்கார்ந்து, மூச்சுவிடாமல்.

எண்பதுகள் பிறந்தன. அது விரல் நீளம் தாண்டி, முன்னங்கால்களின் அடியில் மஞ்சள் கண்டது. பாட்டில் போதாமல் பெரிய ஊறுகாய் ஜாடிக்கு மாற்றினோம். ஓர் ஐப்பசி மழைக்காலையில் ஜாடி வாயில் கட்டியிருந்த வலைத்துணி ஓரமாக நெகிழ்ந்து கிடந்தது. உள்ளே காலி. அப்போது என் மகள் வயிற்றில் இருந்தாள். பெட்டிகளை நகர்த்தினோம், பாயை உதறினோம், ஓட்டுச் சந்துகளை டார்ச் அடித்துப் பார்த்தோம். கிடைக்கவில்லை. கணவர் அன்று பட்டறைக்குப் போகவே இல்லை.

தகவல் தெரிந்து மாமியார் வந்தார். நான் பயந்ததுபோலத் திட்டவில்லை. அண்ணாந்து கூரையை முழுவதும் பார்த்தார். ஓட்டின் இடுக்குகளில் மழை ஈரம் கறுத்திருந்தது.

“அதுக்கு நல்ல எடந்தான்” என்றார்.

பிறகு கயிற்றுக் கட்டிலை முன்னறை நடுவில், நேராக அந்த இடுக்குகளுக்குக் கீழே இழுத்துப் போட்டுக்கொண்டு, மழைச்சத்தம் கேட்டபடி மத்தியானம் நன்றாகத் தூங்கினார்.